என்ர பேஸ் கிற்றாருக்குத் தட்டைக் கம்பி

ஒக். 7, செவ்வாய்

விடியத் தொடங்கின லண்டன் தூறல். ட்ராம் பிந்தி, வேலைக்கும் பிந்தி.

சாப்பாட்டு நேரம் முழுக்க போனில கம்பி பாத்ததுதான். சனிக்கிழமை சட்டனில ஆருக்கோ அறுபதாவது பிறந்தநாள், எங்கட குறூப்தான் வாசிக்குது. முழுக்கப் பழைய பாட்டாம். இப்ப என்ர பேஸில கிடக்கிறது சாதாரணக் கம்பி, உருண்டைச் சுத்து, மேல உருண்டைக் கம்பி சுத்தினது. விரல் நகர்ந்தால் கிறீச் எண்டு கத்தும். பழைய பாட்டுக்கு அது சரிவராது. தட்டைச் சுத்துத்தான் வேணும். மேல்பக்கம் நாடா மாதிரி வழுவழுப்பு. டும் எண்டு வந்து அடங்கும்.

யோசிக்க:
– மெல்லிசோ மொத்தமோ. மொத்தம் எண்டால் இழுவை கூட, கழுத்து வளையும்.
– ஸ்டீலோ நிக்கலோ. நிக்கல் மெத்து.
– என்ர கிற்றார் கட்டை, நீளம் குறைவு. நீளக் கம்பி வாங்கினால் மொத்தப் பக்கம் முறுக்காணியில சுத்தி முறிஞ்சுபோம். அளவு பாத்து வாங்கோணும்.
– பால், கறிவேப்பிலை.

இவர் எட்டிப் பாத்துட்டு: "நாலு கம்பிக்கு இவ்வளவு ஆராய்ச்சியோ? கலியாணம் பேசேக்க என்னைக்கூட நீர் இப்பிடி விசாரிக்கேல்லையே."

விசாரிச்சிருக்கோணும்.

ஒக். 8, புதன்

குளிர். வேலை முடிய குரோய்டன் கடை. நிக்கல், நடுத்தரம், கட்டை அளவு. கடைசியா ஒரு பெட்டி இருந்தது.

கவுண்டரில நிண்டவன் இங்கிலீசில, "மகனுக்கோ?"

எனக்குத்தான் எண்டன்.

"ஓ, பழகத் தொடங்கிறீங்களோ? நல்ல விசயம்."

அட சனியனே! நான் மேடை ஏறேக்க நீ நப்பி கட்டிக்கொண்டு தவண்டு திரிஞ்சிருப்பாய். சொல்லேல்லை. தாங்க்யூ சொல்லிப்போட்டு வந்தன். வீடு வரைக்கும் அந்த எரிச்சல்.

ஒக். 9, வியாழன்

கம்பி மாத்தினது. தட்டைக் கம்பியை முதல்ல மடக்கிப்போட்டுத்தான் வெட்டோணும், இல்லாட்டிச் சுத்து கழண்டுபோம். இவர் உதவி எண்டு குறட்டோட வந்தார். கலைச்சுவிட்டன்.

என்ன சத்தம் அது! குசினியில நிண்டு தனிய ஒரு பாட்டு முழுக்க வாசிச்சன். சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. பரவாயில்லை.

பின்னேரம் சிறி அண்ணையின்ர கராஜில ஒத்திகை. குறூப் அவருடையது, கீபோட்டும் அவர்தான். சுவிஸில இருந்து வந்தவர். எதுக்கெடுத்தாலும் "சுவிஸில எண்டால்" எண்டுதான் தொடங்குவார். ரண்டாவது பாட்டில நிப்பாட்டினார்.

"என்ன தங்கச்சி, சத்தம் செத்துக்கிடக்கு? கம்பியை மாத்துமன்."

"புதுக் கம்பி அண்ணை. பழைய பாட்டுக்கு இதுதான் சரி."

"கணீர் எண்டெல்லோ வேணும். இல்லாட்டிச் சொல்லும், என்ர இடக்கை இருக்குது."

பேஸ் வாசிக்க ஆள் இல்லாத நாளையில கீபோட்காரர் இடக்கையால அடிச்சுச் சமாளிக்கிறது எங்கட குறூப்புகளில வழமைதான். ஆளை முன்னுக்கு நிப்பாட்டி வைச்சுக்கொண்டு சொல்லுறது என்ன வழமை?

"சனிக்கிழமை பாப்பம். சரிவராட்டிப் பிறகு யோசிப்பம்" எண்டார். என்னத்தை யோசிக்கிறது? என்னை நிப்பாட்டுறதைத்தான். எல்லாருக்கும் விளங்கினது. மிருதங்கக்காரர் போன் நோண்டினார்.

மாத்தமாட்டன். இதோட நிக்கவேண்டி வந்தால் நிக்கிறன்.

ஒக். 11, சனி

மழை இல்லை. நீலச் சீலை. ஹோலில பொரிச்ச ரோல்ஸ் மணமும் பிள்ளையளின்ர கத்தலும்.

எனக்குப் பின்னால என்ர சின்ன அம்ப், ஸ்பீக்கர் பெட்டி. அதில கேட்டுக்கொண்டுதான் வாசிச்சன். கம்பி பேசினது! மூண்டாவது பாட்டில சரணம் தொடங்கேக்க ஒரு இடம் பிழைச்சுப்போனன். அரைச் சுரம் கீழ, நல்லா அழுத்தி. செத்தன் எண்டு நினைச்சன். சிறி அண்ணை திரும்பியும் பாக்கேல்லை.

முடிய அவரே வந்து கையைக் குலுக்கினார். "தங்கச்சி, இண்டைக்கு பேஸ் கலக்கிட்டுது! புதுக் கம்பியின்ர வேலை!"

வெக்கங்கெட்ட சந்தோசம். காரில பாடிக்கொண்டே வந்தனாம், இவர் சொல்லுறார்.

ஒக். 13, திங்கள்

வெயில். லீவு. தேத்தண்ணியோட இருந்து வட்சப்பில வந்த சனிக்கிழமை வீடியோ பாத்தன், ஹெட்போன் போட்டு.

மூண்டாவது பாட்டு. சரணம். என்ர பிழை இல்லை.

திருப்பிப் போட்டன். இல்லை. பேஸ் சுத்தமாப் போகுது, கணீர் எண்டு. என்ர விரல் பிழையான இடத்தில நிக்கிறது வடிவாத் தெரியுது. சத்தம் வேற ஆற்றையோ. கமரா சிறி அண்ணைக்குத் திரும்பேக்க பாத்தன். கீபோட்டில அவற்ர இடக்கை துள்ளுது.

சவுண்ட் பாக்கிற சந்திரனுக்குப் போன் அடிச்சன்.

"அக்கா, உங்கட பேஸ் லைனை ஹோல் ஸ்பீக்கருக்குத் திறக்கவேண்டாம் எண்டு அண்ணை சொன்னவர்."

"சனிக்கிழமையோ?"

"எப்பவும் அப்பிடித்தானே அக்கா. உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

எப்பவும். குரோய்டன் கலியாணம், சட்டன் கோயில் திருவிழா, எல்லாம். நான் காய்ச்சலோட போய் வாசிச்சதும். அழேல்லை. கோவம், வெறும் கோவம்.

சிறி அண்ணைக்கு மெசேஜ்: "இனி நான் வரேல்லை. ஏன் எண்டு உங்களுக்குத் தெரியும்."

உடன பதில். "கோவிக்காதையும் தங்கச்சி. ஒரு பொம்பிளை பேஸோட நிண்டால் ஸ்டேஜுக்கு ஒரு வடிவு, அதுதான் உம்மை வைச்சிருந்தது. வர ஏலாட்டிப் பரவாயில்லை. கிற்றாரை மட்டும் குடுத்துவிடும், மருமகள் பிடிச்சுக்கொண்டு நிப்பாள்."

மெசேஜை மூண்டு தரம் படிச்சுப் பாத்தன்.

அம்பை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு வந்தன். சத்தம் முழுக்கத் திருப்பிவிட்டு முதல் பாட்டில இருந்து தொடங்கினன். யன்னல் அதிருது.

பக்கத்து வீட்டுக்காரி சுவரில இடிக்கிறா. கேட்டிருக்கு.