தள்ளினாத்தான் ஓடுற ஜீப்பு

ஜூன் 14, வெள்ளி

இன்னைக்கும் ஜீப்பு ஸ்டார்ட் ஆகல. எஸ்டேட்டுல வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்ச ராசம்மாக்காவப் பின்சீட்டுல படுக்க வச்சுட்டுச் சாவியத் திருகினா, சத்தமே இல்ல. நாலு பொம்பளைங்க தள்ளினாங்க. அக்கா வலியில முனகிட்டே, "ஏனுங்க, நான் வேணா எறங்கிக்கட்டுங்களா?"ன்னு கேட்டுச்சு. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அக்காவ ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு நேரா மெக்கானிக் குமரேசன் கடைக்குப் போனேன். புது பேட்டரி போட்டுப் பத்து நாள் ஆகல, ராத்திரி நிறுத்தினா விடியறதுக்குள்ள எறங்கிப் போவுது, என்னங்க வேலை பார்த்தீங்கன்னு பஜாரே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்தினேன். மனுசன் வண்டிய ஆஃப் பண்ணி, பேட்டரி வயரக் கழட்டி நடுவுல ஒரு சின்ன பல்பக் கோத்தாரு. பல்பு எரிஞ்சுது; வண்டி ஆஃப்ல இருந்தும் எங்கயோ கரண்ட்டு போயிட்டிருக்குன்னு அர்த்தம். ஃபியூஸ ஒவ்வொண்ணாப் புடுங்கினாரு. அப்பவும் எரிஞ்சுது. கடைசியா சீட்டத் தூக்கினாரு.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வச்ச ஆம்ப்ளிஃபயர் அடியில சூடா இருந்துச்சு. சாவிய எடுத்தாலும் சாமி பாட்டு நிக்கக் கூடாதுன்னு பேட்டரியிலிருந்து நேரா வயர் இழுத்தவன் நான்தான். பாட்டை நிறுத்தினப்புறமும் அது கரண்ட்டக் குடிச்சுட்டேதான் இருந்திருக்கு. வயரப் புடுங்கினதும் பல்பு அணைஞ்சுது.

"இத யாருங்க போட்டது?"ன்னாரு.

"தெரியலைங்க"ன்னுட்டேன்.

அந்த வயர்ல சுத்தின பச்சை டேப்போட மிச்சம் டேஷ்போர்டு மேலயே கெடந்துச்சு. அதப் பார்த்துட்டு என்னையும் பார்த்தாரு. ஒரு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கலாம்.