எழுப்பியவர் இல்லாத பலகை

அனுப்புநர்:
றெஜினா அருமைநாதன்,
தமிழ்-பிரெஞ்சு உரைபெயர்ப்பாளர்,
இல்-பிசார், மொன்றியல்.

பெறுநர்:
திரு. கிருபானந்தன் அவர்கள்,
தமிழ்ப் பகுதி இணைப்பாளர்,
ஆற்றங்கரை வரலாற்றுப் பலகைத் திட்டம்,
மொன்றியல்.

பொருள்: படகுத்துறைப் பலகையின் தமிழ்ப் பகுதியில் எனது சம்மதமின்றி மாற்றப்பட்ட வாக்கியத்தை மீளச் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இல்-பிசார் படகுத்துறைக்கு அருகே எதிர்வரும் யூன் 21ஆம் திகதி திறக்கப்படவுள்ள வரலாற்றுப் பலகையின் தமிழ்ப் பகுதியை மொழிபெயர்த்தவள் நான். பலகையின் அடியில் என் பெயர் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள வாக்கியங்களில் ஒன்று என்னுடையது அல்ல. அச்சுக்கு முந்திய படியைத் தாங்கள் அனுப்பியபோதுதான் இதை அறிந்தேன். இம்மனு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

2. பலகை கூறும் வரலாற்றில் பெரும்பகுதி பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. பிரெஞ்சுக்காரர் வருமுன்பே மொன்றியல் தீவின் கரைகளில் மக்கள் சோளம் விதைத்தார்கள், விலாங்கு பிடித்தார்கள், மரப்பட்டை வேய்ந்த நீண்ட வீடுகளில் பல குடும்பங்களாக வாழ்ந்தார்கள். முதலில் வந்த பிரெஞ்சு மாலுமி கண்ட ஊர், பல ஆண்டுகள் கழித்து மற்றொருவர் வந்தபோது அங்கே இல்லை. அதற்கு என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரியாது என்றே பிரெஞ்சு மூலம் சொல்கிறது. நானும் தெரியாது என்றே எழுதினேன்.

3. குறை அதற்கு அடுத்த பகுதியில் உள்ளது. பிரெஞ்சுக்காரர் இங்கே நிலைகொண்ட பின், மலையடிவாரத்தில் பாதிரிமார் நடத்திய மிசன் குடியிருப்பில் மோஹாக் மக்களும் பிற முதற்குடியினரும் வாழ்ந்தார்கள். பாதிரிமார் அவர்களை முதலில் தீவின் வடகரைக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் அங்கிருந்தும் கிளப்பி, தீவுக்கே வெளியில் ஓர் ஏரிக்கரைக்கு அனுப்பினார்கள். அவர்கள் காடு வெட்டித் திருத்திய நிலம் வேறு ஆட்களுக்குப் போனது. நான் எழுதிய வாக்கியம்: “பாதிரிமார் அவர்களைக் குடியெழுப்பினர், அவர்களது நிலத்தில் குடியேற்றம் நடந்தது.” இப்போது படியில் இருக்கும் வாக்கியம்: “பாதிரிமாரின் வழிகாட்டலில் அவர்கள் இடம்பெயர்ந்தனர், புதிய குடும்பங்கள் வந்துசேர்ந்தன.”

4. ஐயா, தாங்கள் யாழ்ப்பாணம், நான் மன்னார். பேச்சில் எங்களுக்கிடையே சில்லறை வேற்றுமைகள் இருக்கலாம். ‘எழுப்புதல்’ என்ற சொல்லில் இல்லை. நித்திரையால் எழுப்புவதை நான் சொல்லவில்லை. இருக்கிற வீடு வளவைவிட்டு ஆளைக் கிளப்பி வெளியே விடுவதைச் சொல்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் எவரும் “ஆர் எழுப்பினது?” என்றுதான் கேட்பார்கள். ‘இடம்பெயர்ந்தனர்’ என்றால் எவரும் அப்படிக் கேட்பதில்லை. சனம் தானாக எழும்பி, பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு, காற்று வாங்கப் போனதுபோல இருக்கிறது.

5. மன்னார்க் கரையில் இருந்த எங்கள் ஊரைச் சுற்றிக் கடற்படை வேலி அடித்தபோதும் எங்களை ‘இடம்பெயர்ந்தோர்’ என்றே பதிந்தார்கள். “நாங்கள் இடம்பெயரேல்லைத் தம்பி, எங்களை எழுப்பினவங்கள்” என்று என் தாயார் பதிவுக்காரரிடம் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடி ‘இடம்பெயர்ந்தோர்’ என்றே எழுதினார். அன்று அருகில் நின்ற எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அதே சொல்லை என் பெயரைப் போட்டே இன்னொரு சனத்தின் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

6. அகதி விசாரணைகளில் உரைபெயர்ப்பது என் தொழில். சொன்னதைச் சொல்வேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று சத்தியம் செய்தே அந்தக் கதிரையில் அமர்கிறேன். யாருடையது என்று சொல்ல எனக்கு உரிமையில்லாத ஒரு விசாரணையில், ஒருவர் “எழுப்பிப்போட்டாங்கள்” என்றார். ‘அவர் புறப்பட்டார்’ என்று நான் பிரெஞ்சில் சொல்லியிருந்தால் அவர் இன்று இந்த நாட்டில் இருக்கமாட்டார். பலகையில் நிற்கும் வாக்கியத்துக்கும் அதே சத்தியம்தான். பூங்காவுக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று என்று என்னிடம் இரண்டு தமிழ் இல்லை.

7. தங்கள் அலுவலகம் திருத்தங்களை ஏற்பதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் வருமுன் தங்கள் அலுவலகமே செய்த முதல் வரைவில், முதற்குடியினரைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சுச் சொல் ‘இந்தியர்கள்’ என்று தமிழாகியிருந்தது. வரைவை வாசிக்க வந்த சென்னைக்காரர் வசீகரன், “நம்மாளுங்க அப்பவே இங்க வந்துட்டாங்களா?” என்று உண்மையாகவே மகிழ்ந்துபோனார். அன்று மாலைக்குள் அது திருத்தப்பட்டது. சிரிப்பு வரும் பிழைக்கு இருந்த அவசரம், சிரிக்க முடியாத பிழைக்கு ஏன் இல்லை என்பதே என் கேள்வி.

8. மாற்றத்துக்கான காரணத்தைத் தாங்கள் தொலைபேசியில் விளக்கினீர்கள். “றெஜினாக்கா, பாதிரிமாரில ஏன் பழியைப் போடுறியள்? எங்கட பங்குச் சனம்தானே வந்து வாசிக்கப்போகுது” என்றீர்கள். நானும் அதே பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிப்பவள். பாதிரிமார் எழுப்பினர் என்று எழுதும்போது எனக்கும் கை கூசியது. மூலத்தில் அப்படி இருப்பதால் எழுதினேன். “குடியேற்றம் எண்டா எங்கட ஆக்களுக்கு வேற நினைவெல்லோ வரும்” என்றும் சொன்னீர்கள். வரட்டும் ஐயா. அந்த நினைவு வரவேண்டும் என்றுதான் அந்தச் சொல்லைப் போட்டேன்.

9. பலகையின் மோஹாக் பகுதியை எழுதிய எலிசா, படியைப் பார்த்துவிட்டு, தமிழ் வாக்கியத்தைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லும்படி என்னைக் கேட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னேன். “சரி, இதில் எங்களைக் கிளப்பியது யார்?” என்று கேட்டார். அந்த வாக்கியத்தில் அதற்குப் பதில் இல்லை. பிரெஞ்சில் இருக்கிறது, அவருடைய மொழியில் இருக்கிறது. தமிழில் மாத்திரம் இல்லை என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்தான். வெட்கமாக இருந்தது.

10. தாங்கள் கடைசியாகச் சொன்னதே உண்மையான காரணம் என்று கருதுகிறேன். “நாங்களும் இஞ்ச வந்த ஆக்கள்தானே அக்கா. பேந்து எங்களையும் குடியேறின ஆக்கள் எண்டு சொல்லிப்போடுவினம்.” ஐயா, சொல்லட்டும். நாங்கள் குடியேறிய ஆட்கள்தான். நான் வீடு வாங்கியிருப்பதும், கோடையில் பிள்ளைகளோடு படகேறி எதிர்க்கரை லவாலுக்குப் போவதும் இந்தக் கரையில்தான். எங்கள் நிலத்தில் அரசு பிறரைக் கொண்டுவந்து இருத்தியதற்குக் குடியேற்றம் என்று பெயர் வைத்து ஊர் ஊராகப் போய் முறையிட்டோம். நாங்கள் நிற்கும் நிலத்துக்கு வரும்போது அதே சொல்லை ஒளித்துவைத்தால், பிறகு எங்கள் முறைப்பாட்டை யார் நம்புவார்கள்?

11. “உங்கட பேரை எடுத்துவிடுறன், அலுப்பு முடிஞ்சுது” என்று தாங்கள் முன்வைத்த தீர்வை நான் ஏற்கவில்லை. பெயரை எடுத்தால் நான்தான் தப்புவேன், பொய் அங்கேயே நிற்கும். என் பெயர் இருக்கட்டும். அதற்கு மேலே நான் எழுதியதும் இருக்கட்டும்.

12. ஆகவே, ‘வழிகாட்டலில்’, ‘இடம்பெயர்ந்தனர்’, ‘வந்துசேர்ந்தன’ ஆகிய மூன்று சொற்களையும் நீக்கி, எனது வாக்கியத்தை முழுமையாக மீளச் சேர்க்குமாறும், அதுவரை அச்சை நிறுத்துமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இம்மனுவை மேலிடத்துக்கு அனுப்புவதாயின் பிரெஞ்சாக்கத்தை நானே செய்து தருவேன். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். நான் எதிர்த்து எழுதியது ‘கருத்துத் தெரிவிக்கிறேன்’ என்று போய்ச் சேரக்கூடும்.

13. திருத்தப்படாத பலகையே திறக்கப்படுமானால், அன்று நான் அதன் பக்கத்தில் நிற்பேன். தமிழில் வாசிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் சரியான வாக்கியத்தை வாயால் சொல்வேன். எலிசாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் இருவரையும் அங்கிருந்து அகற்ற நேர்ந்தால், அறிக்கையில் ‘இடம்பெயர்ந்தனர்’ என்று எழுத வேண்டாம். எழுப்பியது யார் என்று பெயரோடு எழுதுங்கள்.

இடம்: மொன்றியல்
திகதி: 22.05.2025

ஓரிடத்தில் எழுப்பப்பட்டு
இவ்விடத்தில் குடியேறியவளான,
(ஒப்பம்)
றெஜினா அருமைநாதன்

பிரதி: எலிசா அவர்களுக்கு, என் பிரெஞ்சாக்கத்துடன்.