சத்தம் பற்றி இரண்டு நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அடி. புறங்கையில், ஸ்டீல் ஸ்கேலால். எனக்கு இருபத்தாறு வயது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் என்பதெல்லாம் பயிற்சி மையத்து மாஸ்டருக்குப் பொருட்டில்லை. பிஸ்கட் டின்னில் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் இருக்கும் தலைப்பில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். மூன்று நொடி நின்றால் ஸ்கேல் இறங்கும்.

எந்தத் தலைப்பு வருமோ என்ற பயத்துக்கு அவரிடம் மருந்து இருக்கிறது. "நூறு தலைப்புக்கு நூறு கதை எவனால முடியும்? ஒரே கதை. மாமா தோட்டம். பிடிச்ச ஆளா? மாமா. பிடிச்ச இடமா? தோட்டம். பழைய பொருளா? மாமாவோட ரேடியோ."

பக்கத்து நாற்காலி லாரிக்காரர் கை தூக்கினார். நாற்பது வயது, வெளிநாட்டில் டிரெய்லர் ஓட்டப் போகிறவர். "விமானப் பயணம் வந்தா சார்?"

"விமானத்துல போய் மாமா தோட்டத்துல இறங்குய்யா."

இருபத்திரண்டு பேருக்கும் ஒரே மாமா. நிஜத்தில் எனக்கு மாமாவே கிடையாது.

வீட்டில் வாயைத் திறந்தால் அடி. இங்கே மூடினால் அடி. நடுவில் பஸ்ஸில் போகும் நாற்பது நிமிடம்தான் என் வாய் எனக்குச் சொந்தம்.

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஒன்பதுக்கு ஏழு வேண்டும். ஏழு வந்தால் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. எனக்கு அந்த நாடு கூட முக்கியமில்லை. அந்த வீட்டின் கதவுக்கு வெளியே என்றால் போதும்.

மார்ச் 5

அப்பா இன்று அடிக்கவில்லை. வெறும் தட்டுதான் பறந்தது.

"வெறும்" என்று எழுதியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

மெத்தைக்கு அடியில் இருந்த பயிற்சிப் புத்தகம் அப்பா கையில் கிடைத்துவிட்டது. முதலில் கிழித்தார். அவசரமே இல்லை, நாலு நாலு பக்கமாக. பஸ் டிப்போவில் டைம் கீப்பர் அல்லவா, எல்லாவற்றிலும் ஒழுங்கு. பிறகு என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"யாரைக் கேட்டுடி படிக்கிற? எவனோட பேச இங்கிலீஷு?"

நெற்றிப் பொட்டு அருகே புடைத்திருக்கிறது. மண்டை ஓட்டில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து நானே என்னைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டேன். இப்படி ஒரு வசதி எத்தனை பெண்களுக்கு உண்டு?

அம்மா ஈரத்துணியை ஒற்றியபடி சொன்னாள்: "பேசாதடி. பேசப் பேசத்தான் அவருக்கு ஏறும்."

பேசாத நாள்ல மட்டும் இறங்கிச்சாம்மா?

தேர்வு அனுமதிச் சீட்டும் இந்த நோட்டும் பத்திரமாக இருக்கின்றன. எக்ஸ்ரே அறையில், யாரும் போட்டுக்கொள்ளாத பழைய ஈயக் கவசத்தின் உள்பையில்.

மார்ச் 14, சனி

அவரே கூட்டிக்கொண்டு வந்தார். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே. அம்மாவின் தோளை அணைத்துப் பிடித்தபடி, சக்கர நாற்காலி கேட்டு, நர்ஸுகளிடம் "கொஞ்சம் பாருங்கம்மா" என்று குழைந்தபடி. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்கம்மாவுக்கு இந்த வயசுல நடக்கவே தெரியல. குளியலறையில வழுக்கி விழுந்துட்டா."

நர்ஸுகளும் சிரித்தார்கள். தங்கமான மனுஷன்.

எக்ஸ்ரே அறைக்குள் அவரை விட முடியாது. கதவைச் சாத்தினேன்.

"அம்மா, சொல்லு."

"வழுக்கிட்டேன்டி."

"நான்தாம்மா. சொல்லு."

"வழுக்கிட்டேன்."

அவள் கையைப் பலகையில் வைத்தேன். "அசையாதீங்க" என்று அவளிடம் சொன்னேன், யாரோ ஒரு நோயாளியிடம் சொல்வதைப் போல. கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

வழுக்குகிறவள் கையை ஊன்றுவாள், மணிக்கட்டு உடையும். அம்மாவின் மணிக்கட்டு நன்றாக இருக்கிறது. முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும், குறுக்கே, நேர்கோடாக உடைந்திருக்கிறது. ஓங்கி வரும் அடியைத் தடுக்க முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கினால் அங்கேதான் உடையும். இது எனக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்தது. எலும்பு டாக்டருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

"வீட்டு விவகாரம்மா" என்றார் டாக்டர். "அவங்களே விழுந்தேங்கிறாங்க. நான் வேற என்னத்த எழுத?"

விழுந்ததாக எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது.

பிலிம் இரண்டு போட்டேன். ஒன்று ஈயக் கவசத்துக்குள்.

மார்ச் 15

கம்ப்யூட்டரில் அம்மாவின் பெயரைத் தேடினேன். மூன்று வருடத்தில் ஒரு விலா, இரண்டு விரல், இப்போது கை. எல்லாவற்றிலும் குளியலறை. எங்கள் குளியலறை நாலடிக்கு நாலடி. அதில் வழுக்கி விழ இடமே கிடையாது, சாய்ந்து நிற்கத்தான் முடியும்.

மாஸ்டர் அம்மாவைப் பார்த்தால் காலில் விழுவார். எந்தச் சீட்டு வந்தாலும் அவளிடம் ஒரே கதை.

மார்ச் 21, சனி

வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போனேன். எனக்கு முன்னால் உள்ளே போன லாரிக்காரர் வியர்த்து வழிந்து வெளியே வந்தார். "பிடிச்ச பாட்டுன்னு வந்துச்சும்மா. மாமா ரேடியோவப் போட்டு விட்டுட்டேன். அந்தம்மா கொட்டாவி விட்டாங்க."

சின்ன அறை. ஒரு மேசை, சிவப்பு விளக்கு எரியும் ரெக்கார்டர், தேர்வு நடத்தும் பெண். என் அம்மா வயதுதான். சீட்டைத் திருப்பினேன்.

சத்தம் நிறைந்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசவும்.

யோசிக்க ஒரு நிமிடம். பென்சிலால் கிணறு, நாய், பறவை என்று கிறுக்கினேன். என் மாமாவின் தோட்டத்தில் பறவைகள் அதிகம் என்று தொடங்கினேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். காலையிலிருந்து எத்தனை முறை அந்தத் தோட்டத்துக்குப் போய் வந்தாரோ.

நின்றுவிட்டேன். ஒரு நொடி. இரண்டு. மூன்று. கை தானாகவே மேசைக்கு அடியில் போய்விட்டது. ஸ்கேல் வரவில்லை.

மன்னிக்கவும், எனக்கு மாமா இல்லை என்று சொன்னேன். பிறகு எங்கள் வீட்டைச் சொன்னேன்.

மாலை ஆறு நாற்பதுக்குக் கீழே பைக் ஸ்டாண்டு தரையில் இடிக்கும் சத்தம். மாடிக்குப் பதினான்கு படி. செருப்பு தேய்ந்து வந்தால் நல்ல நாள். அழுந்தி வந்தால் கெட்ட நாள். ஒன்பதாவது படியில் அம்மா அடுப்பை அணைப்பாள், க்ளிக். சூடான எதுவும் அவர் கைக்கு எட்டக் கூடாது. பெல்ட் கொக்கி கழலும் சத்தம் ரொம்பச் சின்னது. தட்டு சுவரில் பட்டால் ஒரு சத்தம், ஆள்மேல் பட்டால் வேறு. பக்கத்து வீட்டில் டிவியின் ஒலியைக் கூட்டுவார்கள். போன சனிக்கிழமை ஒரு புதுச் சத்தம் கேட்டேன், காய்ந்த குச்சி முறிவது போல. எனக்கு வேலை எலும்புகளைப் படம் எடுப்பது. ஆனால் எலும்பு உடையும் சத்தத்தை அன்று காலைதான் முதன்முதலாகக் கேட்டேன். கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனேன்.

கடைசியாகச் சொன்னதை இந்த நோட்டில்கூட நான் எழுதியிருக்கவில்லை.

இரண்டு நிமிடம் முடிந்தது. "தேங்க்யூ" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டார். பொது இடங்களில் சத்தத்தைக் குறைக்க அரசு என்ன செய்யலாம் என்று கேட்டார்.

நானும் பதில் சொன்னேன். ஹாரனுக்கு அபராதம் போடலாமாம்.

மார்ச் 22

தேங்க்யூவாம். கல்லா அந்தப் பொம்பள? இல்ல, அவளுக்கும் விதி அவ்வளவுதானா? ரெண்டு நிமிஷத்துக்கு மேல கேட்டா அவ வேலை போயிடுமா?

ஒன்று உறுத்துகிறது. ஆங்கிலத்தில் சொன்னபோது அது யாரோ ஒரு தகப்பன், யாரோ ஒரு பெண்டாட்டி. நாக்கு வழுக்கிக்கொண்டு போனது. "எங்கப்பா எங்கம்மாவ அடிக்கிறாரு." எழுதிப் பார்க்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஏழரை.

லாரிக்காரர் போனில் கத்தினார். "ஏழரை பிடிச்சா எல்லாரும் அழுவாங்க, சிரிக்கிற முதல் ஆளு நீதாம்மா!" அவருக்கு ஐந்தரை. "தோட்டத்த வித்துட வேண்டியதுதான்" என்றார்.

நான் சிரித்தேனா? அம்மாவின் கைக்கு ஏழரை மதிப்பெண். உச்சரிப்பு நன்றாம், தடுமாற்றம் இல்லையாம்.

ஏப்ரல் 5

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டிப்போவில் யாரோ அப்பாவிடம், "பொண்ணு வெளிநாடு போகுதாமே" என்று வாழ்த்தியிருக்கிறார்கள். பதினான்கு படியும் அழுந்தி வந்தன. ஒன்பதாவதில் அம்மா இடது கையால் அடுப்பை அணைத்தாள், வலது கை மாவுக்கட்டில். அவர் பெல்ட்டைக் கழற்றினார். முதல் அடியில் என் உதடு கிழிந்தது. அம்மா நடுவில் வந்தாள். பெல்ட்டை விட்டுவிட்டு மாவுக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அம்மா அலறவில்லை, அதுதான் என்னைக் கிளப்பியது. அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவர் முழங்காலில் இறக்கினேன். விழுந்தார். இன்னொரு முறை ஓங்கினேன்.

அந்த நொடி இனித்தது. அதை எழுதாவிட்டால் இந்த நோட்டு முழுக்கப் பொய். ஓங்கியிருந்தது என் கை இல்லை, அவர் கை.

"போதும்டி!" என்றாள் அம்மா. ஸ்டூலைப் போட்டேன்.

போகும் வழியில் ஆஸ்பத்திரியில் பிலிமை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மேசையில் ஒரு பெண் போலீஸ்.

"என்னம்மா ஆச்சு?"

"குளியலறையில..." என்றாள் அம்மா.

பிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். "எங்கப்பா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இரண்டு நிமிடம் நிற்காமல் பேசத் தெரிந்தவளுக்கு அடுத்த சொல் வரவில்லை.

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "இரு. நான் சொல்றேன்."

சொன்னாள். விலாவிலிருந்து தொடங்கினாள். பெண் போலீஸ் நடுவில் ஒரு தடவைதான் குறுக்கிட்டார்: "மெதுவா சொல்லுங்க, எழுதணும்ல."

மே 10, ஞாயிறு

வேலைக் கடிதம் வந்துவிட்டது. வழக்கில் அம்மா சாட்சி சொல்லும் வரை சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறேன்.

நானும் அம்மாவும் மாறி வந்த இந்த வாடகை அறை தரைத்தளத்தில். படிக்கட்டு எங்கள் சுவரை ஒட்டி மேலே போகிறது. சாயங்காலம் யாரோ அழுந்த அழுந்த ஏறினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். எட்டு. ஒன்பது.

அவள் கிளறிக்கொண்டேதான் இருந்தாள்.

எழுந்து நின்றது நான்தான். கையில் ஸ்டூல்.