புல்வெளியில் விழுந்த பாதை

புல் வெட்டிய பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்புத்தான் வந்தது. அடி புள்ள, நீ கண்ணை மூடி மூன்று வருசமாகிறது. நேற்று மகள் என்னைப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே அந்த வெள்ளைக்காரன் பங்களாவுக்குக் கூட்டிப்போனாள். இப்போது அது விடுதி. நாம் குடம் சுமந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

என்ன வீடு அது! சீமையில் இருந்த தன் வீட்டைப் போலவே வேண்டுமென்று துரை கட்டிய செங்கல் மாளிகை. இடப்பக்கம் எத்தனை சன்னலோ வலப்பக்கமும் அத்தனை. நம் ஊர் வெயிலுக்குக் கூடத்தில் குளிர்காய அடுப்பு வேறு, கூரைமேல் புகைபோக்கி வேறு. முன்னால் ரோசாப் பாத்திகள், சித்தேரி மலையைப் பார்த்தபடி பெரிய புல்வெளி. அங்கே வேலைக்காரர்கள் கண்ணில் படக்கூடாதென்று, கிணற்றடியிலிருந்து சமையலறை வரை ஆளுயரப் பள்ளம் வெட்டி நமக்கு வழி விட்டிருந்தான். அறுபதுகளில் நம்மூர் முதலாளி வாங்கி, நாம் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த வழி மாறவில்லை.

"நம்மளப் பாத்தா அவங்க கண்ணு அவிஞ்சா போயிரும், புள்ள?" என்பாய். நான் சிரித்துவிட்டுப் பள்ளத்தில் இறங்குவேன்.

ஐப்பசி மழையில் பள்ளம் சேறானது. ஐந்து மாத வயிற்றோடு வழுக்கி விழுந்தேன். "இவ மட்டுமாச்சும் மேல நடக்கட்டுங்க" என்று மேஸ்திரியிடம் கேட்டாய். "புல்லு கெட்டுரும்" என்றார். எனக்கு இன்றும் ஆறவில்லை. பிள்ளை கெடலாம், புல் கெடக்கூடாதாம். நீ என் குடத்தையும் வாங்கிக்கொண்டு, சேற்றுக்காலோடு புல்வெளிக்குக் குறுக்கே நடந்து, முன்படி ஏறி, நடுக்கூடத்தில் இறக்கி வைத்தாய்.

"நாளையிலருந்து வேலைக்கு வராத" என்றார் முதலாளி.

"வரலீங்க. ஆனா போறதும் முன்வாசல் வழியாத்தானுங்க."

அன்று நான் பழையபடி பள்ளத்திலேயே இறங்கினேன். அந்த வெட்கம் தாங்காமல் மறுநாள் நானும் புல்மேல் நடந்தேன். பின்னாலேயே தண்ணீர் சுமந்த மற்ற நாலு பெண்களும். மேஸ்திரி கத்திப் பார்த்தார். எங்கள் ஐந்து பேரையும் அனுப்பிவிட்டால் தண்ணீர் யார் சுமப்பது? தை பிறப்பதற்குள் புல்வெளியில் ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. அதற்குள் நீ மொரப்பூர்ப் பக்கம் கூலிக்குப் போய்விட்டாய், அதைப் பார்க்கவேயில்லை.

பாதைக்கு இப்போது கல் பதித்திருக்கிறார்கள். "இது தொர காலத்துப் பாதைங்கம்மா" என்று விடுதிக்காரர் பெருமையாகக் காட்டினார். அன்று வயிற்றில் இருந்த மகள் பக்கத்தில் நின்றாள்.

"இல்லீங்க. எங்கூடத் தண்ணி சொமந்த புள்ள போட்டது" என்றேன்.

வண்டி பின்பக்கம் நிற்கிறது, இப்படியே வாங்க என்றார்கள். நான் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் வெளியே வந்தேன்.