ஆற வைத்த காபிக்கொட்டை

சித்தி,

சோப்புப் போட்டுக் கழுவியும் என் விரல் நுனியிலிருந்து காபிக்கொட்டை வாசம் போகவில்லை. போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் இதை எழுதும்போதும் மூக்கில் ஏறுகிறது. பக்கத்து அறையில் அம்மா படுத்திருக்கிறாள். உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் திட்டமாட்டாள், எழுந்து உட்கார்ந்து அழுவாள். அதுதான் எனக்குப் பயம். நீங்கள் இறந்த பிறகு உங்கள் பேச்சை எடுத்தாலே அம்மா சமையலறைக்குள் போய்விடுகிறாள். ஆனால் இன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் காபி மெஷின் இங்கேயேதான் இருக்கப்போகிறது, சித்தி.

இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை விட்டுவிட்டு நீங்கள் ஆட்டையாம்பட்டிக்குத் திரும்பி வந்த அன்று, சாக்லெட் வரும் என்று பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஸ்வெட்டர்களுக்கு நடுவிலிருந்து அந்த மெஷினைத் தூக்கி வெளியே வைத்தீர்கள். "ஏனுங்க அம்மணி, தையல் மெஷினுங்களா?" என்று அப்பா கேட்டார். கூடவே கொண்டுவந்த காபிப்பொடிப் பாக்கெட்டைப் பிரித்து எஸ்பிரெஸோ போட்டுக் கொடுத்தீர்கள். அப்பா டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இருமல் மருந்து மாதிரி அளந்து குடுக்கறீங்க. ஒரு வாய்க்கே பத்தலீங்களே."

"குடிச்சிட்டுத் தூங்கிக் காட்டுங்க மாமா, பாக்கலாம்."

அப்பா அன்றைக்கு விடிய விடியத் தறி ஓட்டினார்.

அந்தப் பாக்கெட் தீர்ந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. முதலில் அம்மாவின் ஃபில்டர் பொடியைப் போட்டீர்கள். அதில் சிக்கரி இருந்ததால் தண்ணீர் இறங்காமல் மெஷின் முனகியது. "குக்கர் மாதிரி வெடிச்சிரும்டி!" என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நீங்கள் உள்ளே தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதற்கப்புறம் கொட்டையாக வாங்கி நாமே அரைப்பது என்று முடிவு செய்து, கையால் சுற்றும் ஒரு சின்ன மில்லும் வாங்கினீர்கள்.

சனிக்கிழமைகளில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அந்தக் காபி வறுகடைக்குப் போவோம். நம் பக்கத்தில் காபிக்கொட்டை வாங்குவதென்றால் சூடாகத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் அப்போது வறுத்ததில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைப்பார். கை சுட்டால்தான் வாங்குகிறவர்கள் தலையாட்டுவார்கள். நீங்களும் அப்படித்தான் தலையாட்டினீர்கள். பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "தொட்டுப் பாரு சாமி, கோழிக்குஞ்சு மாதிரி இருக்குது" என்பீர்கள். சூடு ஆறுவதற்குள் அரைக்க வேண்டும் என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு பேரும் ஓடுவோம்.

அரைத்துப் போட்டால் நுரையாகப் பொங்கி ஊற்றும். நுரை அடங்கினால் கீழே கலங்கல் தண்ணீர்தான் இருக்கும். வாயில் வைத்தால் புளிக்கும்.

நீங்கள் விடவில்லை. ஏற்காட்டு அராபிகா வாங்கினீர்கள், பிறகு உருண்டைக் கொட்டையான பீபெரி, பிறகு ரொபஸ்டா கலந்தது. கருக வறுத்ததையும் இளம் வறுவலையும் வாங்கிப் பார்த்தீர்கள். எல்லாமே சுடச்சுட வாங்கியதுதான், எல்லாமே புளித்தது. முதலில் நம் ஊர்த் தண்ணீரைக் குறை சொன்னீர்கள், அப்புறம் கரண்டைச் சொன்னீர்கள். கடைசியில், "அங்கே கண்ணை மூடிட்டு ஒரு பாக்கெட் எடுத்தாலும் நல்லா வந்துச்சு. எனக்குத்தான் கை போச்சு" என்றீர்கள். உடம்புக்கு முடியாமல் போனதும், "மருந்து தின்னு தின்னு நாக்கும் போச்சு" என்று மெஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டீர்கள். நான் மில்லைச் சரியாகச் சுற்றாததால்தான் இப்படி ஆகிறது என்று எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

போன மாதம் ஸ்கூல் விட்டதும் யாரிடமும் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போனேன். அந்த வாசத்தில் கொஞ்ச நேரம் நிற்கத்தான் போனேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதும் வெறுங்கையோடு திரும்பப் பயமாக இருந்தது. அடுத்த தடவை வாங்கலாம் என்று நீங்கள் சொல்லிவைத்திருந்த கலவையைச் சொன்னேன். முக்கால் பங்கு ஏற்காட்டுக் கொட்டை, கால் பங்கு ரொபஸ்டா, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்ததும் நிறுத்திய வறுவல். வீட்டில் வாசம் தெரிந்துவிடக் கூடாதே என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு சீல் வைக்கச் சொன்னேன்.

"யாருக்கு ஒளிக்கறே பாப்பா?" என்று அவர் சிரித்தார்.

பீரோவில் பழைய யூனிஃபார்முக்கு அடியில் வைத்தேன். அப்புறம் பரீட்சை லீவு விட்டார்கள். அம்மாவும் வீட்டைவிட்டு நகரவில்லை. எடுக்கத் தைரியம் வராமல் அது அங்கேயே கிடந்தது.

நேற்று அம்மா போனில் பேசுவதைக் கேட்டேன். நாமக்கல்லில் பேக்கரி ஆரம்பிக்கப்போகும் மாமா பையனிடம், "நாளைக்குக் கடைப் பூசை முடிஞ்சு வந்து அந்த மெஷினை எடுத்துட்டுப் போயிரு சாமி. இங்கே சும்மாதான் கெடக்குது" என்றாள். உங்களுடையது என்று சொல்ல இந்த வீட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது.

"அம்மா, ஒரே ஒரு தடவை நான் போட்டுப் பாக்கறேன்."

"அவளுக்கே வரலை. உனக்கு வந்துருமாக்கும்?"

"வந்துச்சுன்னா?"

அம்மா மெஷின் மேல் கிடந்த துணியை உருவி மடித்தாள். "வந்துச்சுன்னா இருக்கட்டும். வரலைன்னா அழுவக் கூடாது."

காலையில் கவரை எடுத்தால் பலூன் மாதிரி உப்பியிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். வேறு கொட்டையும் இல்லை. கத்தரியால் வெட்டியதும் உஸ்ஸென்று காற்று வெளியேறியது. கடையில் அடிக்கும் புகை நெடி இல்லை. வறுத்த கடலையோடு வெல்லம் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் வந்தது. அரைத்து, அழுத்தி, மாட்டி, சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமே வரவில்லை. "தள்ளி நில்லு, வெடிக்கப் போகுது" என்று அம்மா கதவோரமாக நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது நல்லெண்ணெய் ஊற்றுவது போல நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தேன் நிறத்தில் ஓர் ஆடை, அது அடங்கவே இல்லை.

அம்மா ஒரு வாய் குடித்தாள். "கசக்குது" என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். "ஆனா புளிக்கலை." டம்ளரைக் கவிழ்த்து மிச்சத்தையும் குடித்துவிட்டு, "இதைத்தான் அவ அங்கே தெனமும் குடிச்சாளா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அங்கேயே நின்றாள், சித்தி. சமையலறைக்குள் போகவில்லை.

மாமா பையன் ஆட்டோவோடு வந்து இறங்கினான். "அது ஓடிட்டிருக்குது சாமி. நீ வேற பாத்துக்க" என்றாள் அம்மா.

"என்னங்க அத்தை, நாமக்கல்லுல இருந்து வாரேனுங்க!"

"வந்ததுக்குக் காப்பி குடிச்சிட்டுப் போ."

அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "சர்க்கரை போடலீங்களா? நல்லவேளை, கடையில வெச்சிருந்தா ஒரு பய வரமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதே கடை, அதே மில், அதே தண்ணீர். கொட்டையை எத்தனை விதமாக மாற்றியும் அப்போதெல்லாம் புளித்ததுதான். நான் எப்போதும் சுற்றுகிற மாதிரிதான் சுற்றினேன். மாறியது ஒன்றுதான், கொட்டை பீரோவில் சும்மா கிடந்த நாட்கள். வறுத்த கொட்டைக்குள் காற்று நிறைய இருக்கும் போலிருக்கிறது. அதுதான் கவரை உப்ப வைத்தது. நாம் சூட்டோடு அரைத்தபோது அதுதான் நுரையாகப் பொங்கியிருக்கிறது. பொங்கி ஓடின தண்ணீரில் காபி எங்கே இறங்கும்? இத்தாலியில் நீங்கள் எடுத்த பாக்கெட்டெல்லாம் என்றைக்கோ வறுத்து ஆறியதாக இருந்திருக்கும். அதனால் அங்கே உங்களுக்குக் காத்திருக்க வேண்டி வரவில்லை. இங்கே வந்துதான் நாம் ஓடினோம்.

உங்கள் கை போகவில்லை, சித்தி. நாக்கும் போகவில்லை. புளிக்கிறது என்று சொன்னீர்கள், நிஜமாகவே புளித்தது. நான் மில் சுற்றியதிலும் தப்பு இல்லை. இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது. எது சரியாக வராவிட்டாலும் என் கையில்தான் நான் குறை தேடுவேன், உங்களைப் போலவே. கணக்கில் மார்க் குறைந்தாலும், யாராவது பேசாமல் போனாலும் அப்படித்தான். இனிமேல் கொஞ்சம் பொறுத்துத்தான் பார்க்கப்போகிறேன். உங்கள் கலவையையும் வைத்துக்கொள்கிறேன், முக்காலும் காலும், புளியங்கொட்டை நிறம். ஆனால் வாங்கிக்கொண்டு ஓடமாட்டேன்.

நேரம் ஆகிவிட்டது. அம்மா எழுந்துவிட்டாள், காலடிச் சத்தம் கேட்கிறது.

கதவைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாள், சித்தி. யாருக்கு எழுதறே என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. உங்களுக்கு என்று சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"நான் முழுசாக் குடிச்சேன்னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.