உப்புத் தண்ணீர் விட்ட குட்டை

அன்புள்ள அக்கா,

கஜா புயலில் ரோடு அடைபட்ட ஒன்பது நாளும் நீதான் நம் குட்டையில் இறங்கி, காலால் துழாவிக் கொட்டிக்கிழங்கு எடுத்து, அவித்து என் பிள்ளைகளுக்குக் கொடுத்தாய். மறு வருஷமே நான் அந்தக் குட்டையை இறால் வளர்க்கக் குத்தகைக்கு விட்டேன்.

“உப்புத் தண்ணி விட்டா கிழங்கு செத்துரும்டா. அது ஆபத்துக்குச் சோறு” என்றாய்.

“பன்னி தின்னுறதெல்லாம் சோறா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அன்றோடு நீ என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாய்.

இந்த மழையிலும் ஊர் தீவாகிவிட்டது. அரிசி தீர்ந்ததும், குத்தகை முடிந்து சும்மா கிடந்த குட்டையில் இறங்கித் துழாவினேன். வெறும் சேறுதான். திரும்பி வந்தால், பிள்ளைகள் அவித்த கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். உன் கொல்லைப் பள்ளத்தில் நட்டுக் காப்பாற்றியதாம். வாசலில் நின்றே கொடுத்துவிட்டுப் போனாயாம்.

எனக்கும் இரண்டு எடுத்து வைக்கச் சொன்னாயாம். நேரில் வர முகமில்லாமல் எழுதுகிறேன்.

உன் தம்பி