ஆற்றோர நிலம்

அன்புள்ள மகளுக்கு,

குதிரைகளை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் யோசித்தும் இதைத்தான் எழுத முடிகிறது.

நான் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது என்பதே காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மாடுகளையும் குதிரைகளையும் கட்டியிருக்கும் வாடகைக் கொட்டகையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஒரு நிலம்தான் வாங்க முடியும். உனக்குத் தெரிந்த அதே இரண்டு இடங்கள்தான். ஆற்றோரத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது, பதினோரு மாட்டுக்கும் தாராளம். ஆனால் பாதி வருஷம் தரை சொதசொதவென்று கிடக்கும். குதிரைக் குளம்பு அழுகிவிடும். மேட்டு நிலம் கெட்டித் தரை, குதிரைக்கு நல்லது. புல் நாலு மாட்டுக்குக்கூடக் காணாது.

இரண்டு வருஷம் நானும் அப்பாவும் இதற்காகவே சண்டை போட்டோம். அவர் மேட்டுக்கே போய்க் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்ப்பார். நான் ஆற்றோரப் புல்லை அறுத்து ஆய்வுக்கு அனுப்புவேன். ஒருவர் இடத்தை மற்றவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இவளுக்கு மாடு பால் கறந்தா போதும், எனக்குக் குதிரை ஒரு கனைப்புக் கனைச்சா போதும் என்று தரகரிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது எதிர்த்துப் பேச ஆளில்லாமல் என் பக்கம் ஜெயித்துவிட்டது. நேற்று தரகர் வந்தார். கனைக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருந்தா அடுப்பு எரியுமாம்மா என்றார். குதிரைகளை வாங்க ஆள் இருக்கிறாராம், சரி என்று சொன்னால் மறுநாளே லாரி வருமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

போன வாரம் முதல்முறையாக மேட்டு நிலத்துக்குப் போனேன், தனியாக. நானும் குதிகாலால் தட்டினேன். கெட்டியாகத்தான் இருந்தது. அவர் சொன்னது சரி. இதைச் சொல்ல வேறு ஆளில்லை, உனக்கு எழுதுகிறேன்.

வேலையைப் போட்டுவிட்டு ஓடிவராதே. உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். முடிந்தபோது கூப்பிடு. இனிமேல் போனை எடுக்கிறேன்.

உன் அம்மா

மறுநாள் மாலை எழுதுவது: கடிதத்தைக் காலையில் அனுப்பவில்லை. நேற்று ராத்திரியே தரகரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஆற்றோர நிலத்தைப் பதிவு செய்தாகிவிட்டது. மதியம் லாரி வந்தது. வேற்று ஆள் பிடித்தால் மிரளும் என்று தரகர் பயந்தார். கயிற்றை நானே பிடித்தேன். இரண்டு குதிரைகளும் ஒரு முரண்டும் பண்ணாமல் என் பின்னாலேயே ஏறிவிட்டன.